நாலாம் நம்பர் திரை

சாத்தூர் கிட்டங்கித் தெருவில் பதினோராம் நம்பர் வீட்டு வேணி, லேப்டாப்புக்கு இரண்டு பக்கமும் மாட்டுகிற திரைகளை வரவழைத்து, கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டியைக் காய்கறிக் கத்தியால் பிரித்த நாள் சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை என்பதையும், அன்றிலிருந்து எழுபது நாளைக்கு எங்கள் தெருவில் ஒரு பொருளும் இருந்த இடத்தில் இருக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த தெருக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது நாளையும் மாற்றி வேணியையும் மந்திரக்காரி ஆக்கிவிடுகிறார்கள். அவள் மந்திரக்காரி இல்லை. எட்டாம் நம்பர் வீட்டுக்காரனான எனக்கு அவளைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரியும், ரசத்தில் கூட அவளால் ஒரு மாயம் பண்ண முடியாது.

அந்தத் திரைகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. மடக்கினால் பரீட்சை அட்டை கனம், விரித்தால் லேப்டாப்புக்கு இரண்டு இறக்கை முளைத்ததுபோல் இடமும் வலமும் ஒன்று. வேணியின் வேலைக்கு அது தேவையாக இருந்தது. கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஊர்களின் வரைபடத்தைத் திருத்துவது அவள் வேலை. இடத்திரையில் வானத்திலிருந்து எடுத்த படம், நடுத்திரையில் வரைபடம், வலத்திரையில் அந்த ஊர்க்காரர்கள் எழுதிய புகார், அதாவது பஸ் நிறுத்தம் இங்கே இல்லை, அங்கே இருக்கிறது என்கிற மாதிரி. வேணி அம்புக்குறியால் அந்தப் பஸ் நிறுத்தத்தைப் பிடித்து, இழுத்து, சரியான இடத்தில் விடுவாள். இப்படி அவள் கால் படாத எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பாலங்களும் பள்ளிக்கூடங்களும் எங்கள் தெருவில் உட்கார்ந்து நகர்த்தப்பட்டவை.

திரைகளை மாட்டியதும் எது இடம், எது வலம் என்று லேப்டாப்புக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு உள்ளே கட்டம் கட்டமாக ஒரு படம் வரும், கட்டத்துக்கு ஒரு நம்பர். ஒன்று, இரண்டு, மூன்று வந்தது. பக்கத்தில் நாலும் வந்தது.

"மூணுதான இருக்கு? இந்த நாலு என்னது?" என்றாள் வேணி.

லைன்மேன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் தவமணி எட்டிப் பார்த்தான். "நம்ம டிவியா இருக்கும். வலப்பக்கம் தூக்கி வச்சிரு, கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் நாலாம் கட்டத்தைப் பிடித்து மூன்றாம் கட்டத்துக்கு வலப்பக்கம் ஒட்டி வைத்தாள்.

வேணியின் மேஜைக்கு வலப்பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் காம்பவுண்டுச் சுவர், சுவருக்கு அந்தப்பக்கம் பன்னிரண்டாம் நம்பர், சண்முகக்கனியின் வீடு. அந்தச் சுவரில் இரண்டு செங்கல் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் தண்ணீர்ப் பஞ்சத்தில் கனி வீட்டு ஆழ்குழாயிலிருந்து வேணி வீட்டுக்குப் பைப் நுழைப்பதற்காகப் பெயர்த்தது. பைப் போய்விட்டது, ஓட்டை நின்றுவிட்டது. அதன் வழியாக ஒரு கிண்ணம் போகும், வரும். கனி வீட்டுக் கிண்ணத்தில் கத்தரிக்காய்க் கூட்டு வந்தால் அது திரும்பும்போது வேணி வீட்டுப் பொரியலோடு திரும்பும். எங்கள் ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே கொடுக்க மாட்டோம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் யார் முதலில் கொடுத்தார்கள் என்று தெரியாதபடி பத்து வருஷமாக அந்தக் கிண்ணம் ஓயவே இல்லை.

அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு வேணி புதுத்திரைகளோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். நடுத்திரையில் பத்து முகங்கள். அந்த நேரம் பார்த்து ஓட்டை வழியாக வளையல் போட்ட கை ஒன்று கிண்ணத்தோடு நுழைந்து, ஜன்னல் கம்பியில் டங் டங் என்று தட்டி, "ஏ வேணி! சுண்டவத்தக் குழம்புடி! ஆறுறதுக்குள்ள வாங்கு!" என்று கூப்பிட்டது. பத்து முகங்களும் சிரித்தன. பெரிய அதிகாரி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

வேணி எழுந்து கிண்ணத்தை வெடுக்கென்று வாங்கினாள். "ஒன்ன மாதிரி நான் வீட்ல சும்மாவா இருக்கேன்?" என்றாள்.

கை உள்ளே போய்விட்டது. கனி நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவள். படுக்கையில் கிடக்கும் மாமனாரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மிச்ச நேரத்தில் தையல்கடைக்குப் பிளவுஸ் கொக்கி தைத்துக் கொடுக்கிறவள். அவளைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை தமிழில் ஒன்று இருந்தால் அது அதுதான், வேணி அதைத்தான் தேடி எடுத்துச் சொன்னாள்.

சொன்ன கோபம் தீராமல் உட்கார்ந்தவள், மவுஸை அமுக்கிப் பிடித்தபடியே வலப்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளினாள். அம்புக்குறி நடுத்திரையைக் கடந்து, வலத்திரையைக் கடந்து, அதன் விளிம்பில் நிற்காமல் ஜன்னல் கட்டையில் ஏறி, காம்பவுண்டுச் சுவரில் வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்கு ஊர்ந்து, அந்த ஓட்டையைக் கவ்வி, இழுத்துக்கொண்டு கிழக்கே போய்விட்டது. சுவர் மூடிக்கொண்டது. பூசிய தடம் கூட இல்லை.

அந்த ஓட்டை எங்கே போய் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வேணி தெரு முழுக்கத் தேடினாள். நாங்களும் தேடினோம். என்ன தொலைந்தது என்று கேட்டவர்களுக்கு ஓட்டை என்று சொன்னோம், அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தேடினார்கள். எல்லோருக்கும் வீட்டில் ஏகப்பட்ட ஓட்டைகள் அகப்பட்டன, ஆனால் அவை அவரவருடையவை.

கனி தேட வரவில்லை. அவளைப் பொறுத்தவரை, வேணி ஒரு வார்த்தையும் சொல்லி, ஒரு கொத்தனாரையும் வைத்து அடைத்துவிட்டாள். மூன்றாம் நாள் வேணி கிண்ணத்தில் பால் பாயசம் ஊற்றிக்கொண்டு, பத்து வருஷத்தில் முதல்முறையாக, பன்னிரண்டாம் நம்பரின் வாசல் வழியாகப் போனாள்.

"வாங்க," என்றாள் கனி. "உள்ள வாங்க. உக்காருங்க. காப்பி சாப்புடுறீகளா?"

வேணி உட்காரவில்லை. டி போட்டுக் கூப்பிட்ட வாய் அது.

"அக்கா, ஓட்டைய நான் அடைக்கல."

"அடைச்சாத் தப்பில்லைங்க. ஒங்களுக்கு வேல இருக்கு. நாங்க சும்மா இருக்கிறவங்க, கைய நீட்டிக்கிட்டே கெடப்போம்." பாயசத்தை அவள் தொடவில்லை. மாமனார் கூப்பிட்டார், எழுந்து போய்விட்டாள். வேணி கிண்ணத்தோடு திரும்பி வந்தாள்.

"கடப்பாறைய எடுத்து ரெண்டு செங்கல்லப் பேத்துட்டா முடிஞ்சுது," என்றான் தவமணி.

"அது வேற ஓட்டை. அவ மனசுல அடஞ்சு கெடக்கிறது அந்த ஓட்டை," என்றாள் வேணி. தவமணிக்குப் புரியவில்லை, ஆனால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமானவன் என்பதால் புரிந்த மாதிரி தலையாட்டினான்.

இதற்குள் அம்புக்குறி தெருவுக்குப் பழகிவிட்டது. மின்கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள் என்று தவமணி சொன்னதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. முதலில் கேட்டு வந்தவர் டீக்கடை மாடக்கண்ணு.

"தாயீ, கடைக்கு நேரா அந்தப் போஸ்ட் மரம் மறிச்சுக்கிட்டு நிக்கி. நாலடி நகட்டிக் குடேன்," என்றார். வேணி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே அம்பை அனுப்பி, கம்பத்தைப் பிடித்து, கம்பி விலகாமல் நாலடி நகர்த்தினாள். மறுநாள் காலை வாசலில் ஆறு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் முப்பது பேர். எங்கள் தெருவில் அதற்கு நகட்டல் என்று பேர் வந்தது, நகட்டலுக்கு மத்தியானம் ஒன்று முதல் இரண்டு வரை என்று நேரம் வந்தது, கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் வந்தது. வேணிக்கு இது கஷ்டமாக இல்லை. காலையெல்லாம் எவன் ஊரையோ நகர்த்துகிறவளுக்கு ஒரு மணி நேரம் சொந்தத் தெருவை நகர்த்துவது ஓய்வு மாதிரித்தான் இருந்தது.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேலுச்சாமி சார் வாதாம் மரத்தை விட்டுவிட்டு அதன் நிழலை மட்டும் தன் நாற்காலிக்கு இழுத்துக் கொண்டார். பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி வெட்டியாகக் கிடந்த வேகத்தடை பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. கல்யாணம் நிச்சயமான சுபாஷினி, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, மூக்கு நுனியில் இருந்த மச்சத்தைக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு ஓடினாள். பஸ் நிறுத்தம் மூன்று தடவை மாறியது. டிரைவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆள் நிற்கிற இடத்தில் நிறுத்தினார்கள். கோயில் ஒலிபெருக்கியின் சத்தத்தை மட்டும் பிடித்து ஊருக்கு வெளியே வெள்ளரித் தோட்டத்தில் விடச்சொன்னார்கள், அந்த வருஷம் வெள்ளரிக்காய் நன்றாகக் காய்த்தது. என் வீட்டு வாசலில் இருந்த குப்பைத்தொட்டியை நானும் எழுதிக் கொடுத்து நகர்த்திக்கொண்டேன், இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அது ஒன்பது வீட்டு வாசல்களுக்குப் போய்வந்து கடைசியில் கவுன்சிலர் வாசலில் நின்றது. அன்றிலிருந்து குப்பைத்தொட்டியை நகர்த்தக்கூடாது என்று இன்னொரு விதி வந்தது.

மற்றபடி தெரு நன்றாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மங்கள மகால் கல்யாண மண்டபத்துப் பூனை மட்டும் ஏனோ ஒரு சைஸ் பெருத்துப் போயிருந்தது. ஒரு மனுவும் கொடுக்காத வீடு பன்னிரண்டாம் நம்பர் ஒன்றுதான்.

ஒருநாள் வாதாம் நிழல் கைதவறிச் சாக்கடையில் விழுந்தபோது, வேணி வேலைப் பழக்கத்தில் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினாள். நிழல் எழுந்து சார் நாற்காலிக்குத் திரும்பிப் போனது. வேணி வலத்திரைப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். வலத்திரையின் ஓரத்தில் அவள் செய்ததெல்லாம் வரிவரியாக, புதுசு மேலே, பழசு கீழே என்று ஒரு பட்டியலாக நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். அமுக்க அமுக்க மேலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பும். இடையில் இருப்பதைத் தாண்டி அடியில் இருப்பதை எடுக்க முடியாது. ஓட்டை அடியில் இருந்தது. அதற்கும் கீழே ஏதோ ஒரு வரி இருந்தது, அதை அவள் படிக்கவில்லை.

அந்தப் பட்டியல் நூறு வரிதான் தாங்கும் என்பது அவளுக்கு வேலையிலேயே தெரியும். நூற்றொன்றாவது வந்தால் அடியில் இருப்பது உதிர்ந்துவிடும், உதிர்ந்ததை எந்தப் பட்டனும் திருப்பாது. எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு வரி ஆகியிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரார் சௌகரியத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கி, கனியை அவளே அடியில் போட்டு அமுக்கி வைத்திருக்கிறாள்.

மறுநாள் ஒரு மணிக்கு ஜன்னல் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டீக்கடை முன்னால் தெரு கூடியது.

"எல்லாத்தையும் பழைய இடத்துக்குத் திருப்பப் போறேன்," என்றாள் வேணி.

சத்தம் கிளம்பியது. வேகத்தடை என்ன ஆகும், நிழல் என்ன ஆகும், வெள்ளரித் தோட்டத்துக்காரர் என்ன சொல்வார் என்று ஆளுக்கு ஒன்று கத்தினோம். நான்தான் அதிகமாகக் கத்தினேன், குப்பைத்தொட்டி அப்படி.

"எதுக்கும்மா இப்போ?" என்றார் வேலுச்சாமி சார்.

வேணி புடவைத் தலைப்புக்குள்ளிருந்து கிண்ணத்தை எடுத்து டீக்கடை பெஞ்சில் வைத்தாள். எவர்சில்வர் கிண்ணம், விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. பெ. சண்முகக்கனி.

மாடக்கண்ணு குனிந்து படித்தார். "கனி வீட்டுக் கிண்ணமா? எத்தன நாளா ஒங்க வீட்ல இருக்கு?"

"எழுவது நாளா."

கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தோம். சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம், அதெல்லாம் எல்லாத் தெருவிலும் உள்ளதுதான். அடுத்த வீட்டுக் கிண்ணம் எழுபது நாள் திரும்பிப் போகாமல் கிடப்பது வேறு.

"ஏம்மா, வாசல் வழியாக் குடுத்தா என்ன?" என்று கேட்டார் கவுன்சிலர்.

"போனேன். காப்பி சாப்புடுறீகளான்னு கேட்டா," என்றாள் வேணி. பெண்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

மாடக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தார். "போஸ்ட் மரத்த நகட்டுனதுல இருந்து சாஞ்சு நின்னு பேச எடமில்லன்னு எவனும் ரெண்டாவது டீ குடிக்கிறதில்ல. எனக்குத் திருப்பிரு தாயீ." சுபாஷினி, மாப்பிள்ளை மச்சம் எங்கே என்று போனில் கேட்டுச் சண்டை பிடித்துவிட்டதாகவும், அதனால் தனக்கும் சம்மதம் என்றும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சார் மட்டும் நாற்காலி கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்த நிழல் நிஜமாகவே பிடித்திருந்தது. பிறகு, "நாற்காலியை நான் தூக்கிட்டுப் போய் மரத்தடியில போட்டுக்கிறேன்மா. அந்த வழி எனக்குத் தோணவே இல்ல," என்றார். வேகத்தடையை மட்டும் நாங்களே ஒன்று பள்ளி வாசலில் போட்டுக்கொள்வதாகக் கவுன்சிலர் ஒத்துக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

அன்று பதினொரு மணிக்கு வேணி மூன்று திரைகளையும் விரித்து உட்கார்ந்தாள். நாங்கள் வாசலில் நின்றோம். அவள் அமுக்க அமுக்க, பஸ் நிறுத்தம் எழுந்து நடந்து இன்னோர் இடம் போய் அங்கிருந்து மறுபடி எழுந்து பழைய இடத்துக்கு வர, நிழல் சாரின் மடியிலிருந்து இறங்கித் தரையோடு தரையாக மரத்துக்குத் திரும்ப, மச்சம் கன்னத்திலிருந்து மூக்குக்கு ஏற, வெள்ளரித் தோட்டத்திலிருந்து இரண்டு மாதத்துப் பக்திப் பாட்டெல்லாம் மொத்தமாகத் தெருவுக்குள் வந்து விழுந்து காதைப் பிளக்க, கம்பம் நாலடி பின்னுக்குப் போய் மாடக்கண்ணுவின் கடையை மறித்துக்கொண்டு நிற்க, ஒன்பது வாசலிலும் நின்று நின்று எல்லோரையும் விசாரித்துவிட்டு என் குப்பைத்தொட்டி என்னிடமே வந்து சேர்ந்தது. இதை இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கம்பத்துக்கு அடுத்த அமுக்கலில் மங்கள மகாலின் சமையற்கட்டுச் சுவர் மூடிக்கொண்டது. உள்ளே பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த பூனை வெளியே போக வழி தெரியாமல் கத்தியது. ஓட்டை வந்தது. காம்பவுண்டுச் சுவரில், அதே இடத்தில், அதே இரண்டு செங்கல் அளவில், ஓரத்தில் பைப் உரசிய தடத்தோடு.

வேணி ஜன்னல் வழியாக அந்த ஓட்டைக்குள் பார்த்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கனி கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றிருந்தது. அவள் அந்த ஓட்டையைப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள். எந்தக் கொத்தனாரும் அப்படித் திறக்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் முகம் இளகவில்லை, மறுபடி ஊசியை எடுத்தாள்.

வேணி திரையைத் திரும்பிப் பார்த்தாள். பட்டியலில் இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது. ஒரே வார்த்தை. சும்மா.

இன்னொரு தடவை அமுக்கினால் அதுவும் திரும்பிவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் வாய்க்குள் போய்விடும். கனி கேட்டே இருக்க மாட்டாள். இப்போதே ஓட்டை வழியாக ஏ வேணி என்று கை நீளும். விரல் பட்டன் மேல்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் அமுக்கு, அமுக்கு என்றோம். அமுக்கியிருந்தால் தானும் அதை மறந்து, நாளைக்கே இன்னொரு மீட்டிங்கில் திரும்பச் சொல்லியிருப்பாள் என்று வேணி பிற்பாடு என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம். அப்போது அவள் விரலை எடுத்தாள். இடத்திரையை மடக்கினாள், வலத்திரையை மடக்கினாள், லேப்டாப்பை மூடினாள்.

அடுப்படிக்குப் போய்க் கிண்ணம் நிறைய எதையோ ஊற்றிக்கொண்டு, சுவரோரம் வந்து முழங்கால் போட்டு, கிண்ணத்தோடு கையை ஓட்டைக்குள் விட்டாள்.

"அக்கா. நான் சொன்னது தப்பு. கோவத்துல வந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன், ஒனக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன். நீ ஒரு நாளும் சும்மா இருந்ததில்ல. நான் பாத்துருக்கேன். இந்த ஓட்டை வழியா பத்து வருசமாப் பாத்துருக்கேன்."

வேணியின் கை ஓட்டைக்குள்ளேயே இருந்தது. வாசலில் நின்ற நாங்கள் சுவரோரம் எட்டிப் பார்த்தோம். குழம்பு கொஞ்சம் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது.

கிண்ணம் கையை விட்டுப் போனது. விரலை நக்குகிற சத்தம் கேட்டது.

"கருமம்," என்றாள் கனி. "இம்புட்டுப் புளியா ஊத்துவ? ஏ வேணி, மூணு டிவியையும் பாத்துக்கிட்டே கொதிக்க வச்சியாடி?"

வேணி சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள், சிரிக்கவும் செய்தாள். நாங்கள் கலைந்து டீக்கடைக்குப் போனோம், கம்பத்தில் சாய்ந்து ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம்.

மறுநாள் அவள் லேப்டாப்பைத் திறந்தபோது கட்டங்கள் மூன்றுதான் இருந்தன. பட்டியலில் அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருக்கிறது, அவள் அதை அழிக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. பதினொன்றரை மணிக்கு ஆபீஸ் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் கம்பியில் டங் டங் என்று சத்தம் கேட்டது. வேணி பத்து முகங்களையும் பார்த்து, "ஒரு நிமிஷம், எங்க அக்கா கூப்புடுறாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கிண்ணத்தில் சூடாகச் சுண்டவற்றல் குழம்பு இருந்தது.